அம்பொன் தீவின் பெலா உறவு

கராம்புக்காக ஐரோப்பியர் அடிபட்ட மலுக்குத் தீவுகளில் ஒண்டு அம்பொன். இந்தோனேசியாவைச் சேர்ந்தது. அதன் கதையை வாசிக்க வாசிக்க எனக்கு எங்கட பக்கத்து வளவுதான் ஞாபகம் வந்தது.

அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையில் 'பெலா' எண்டு ஒரு உறவு முறை. முஸ்லிம் ஊர் பள்ளிவாசல் கட்டினால், பெலா உறவான கிறிஸ்தவ ஊர் வந்து தோள் கொடுக்கும். தேவாலயம் கட்டினால் அவர்கள் வருவார்கள். சகோதரங்கள் எண்டபடியால் இரண்டு ஊருக்கும் இடையில் கலியாணம்கூடச் செய்யக்கூடாது!

அப்படிப்பட்ட தீவில், 1999 ஜனவரி 19 நோன்புப் பெருநாளன்று, ஒரு வாகனச் சாரதியோடு வந்த வாய்த்தர்க்கம் பட்டினத்தையே எரித்தது. கிறிஸ்தவர் சிவப்புத் துணியும் முஸ்லிம்கள் வெள்ளைத் துணியும் தலையில் கட்டினர். 2000 இல் யாவாவிலிருந்து லஸ்கர் ஜிகாத் படையினர் வந்திறங்கினர். 2002 பெப்ரவரியில் மலினோ உடன்படிக்கை வரும்வரை ஆயிரக்கணக்கில் மாண்டனர், லட்சக்கணக்கில் அகதியாகினர்.

பெலா ஏன் காப்பாற்றவில்லை? ஒல்லாந்தர் காலத்தில் படிப்பும் படை உத்தியோகமும் கூடுதலாகக் கிறிஸ்தவருக்கே கிடைத்தன. பிறகு சுலாவேசிப் பக்கமிருந்து வந்த முஸ்லிம்கள் சந்தை வியாபாரத்தில் முன்னேறினார்கள். 1990களில் அரச உத்தியோகங்களும் கைமாறத் தொடங்கின. வந்து குடியேறின சனத்துக்கு எந்த ஊரோடும் பெலா இல்லை. சந்தைக்கும் கந்தோருக்கும் ஆர் பெலா செய்து வைத்தது? சண்டையைக் கடவுள் பேரில் பிடித்தார்கள், ஆனால் பிடுங்குப்பாடு வேலைக்கும் காணிக்கும்தான் எண்டு எனக்குப் படுகுது.

சண்டை ஓய்ந்தபின் சில ஊர்கள் சடங்கு செய்து பெலாவைப் புதுப்பித்தன. 'பனாஸ் பெலா', அதாவது பெலாவைச் சூடாக்குதல் எண்டு அதற்குப் பேர். பட்டினத்திலோ முஸ்லிம் குறிச்சி வேறு, கிறிஸ்தவக் குறிச்சி வேறு எண்டு சனம் பிரிந்து குடியேறிவிட்டது.