குறைந்தபட்ச ஊதியம்: ஹனூர் எல்லைப் பகுதித் தொழிலாளர்களும் வேலையளிப்போரும் அறிய வேண்டியவை

கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஹனூர் வட்டம். சென்னை மாகாணத்தின் கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதியுடன் சேர்த்து, 1956 நவம்பர் 1 அன்று இது மைசூரு மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. 1997-இல் மைசூரு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது சாமராஜநகரின் கீழ் வந்தது. எல்லைக்கு அப்பால் சென்று வேலை செய்பவருக்கு எந்த மாநிலத்தின் ஊதியம் பொருந்தும் என்ற கேள்வி இத்தகைய பகுதிகளில் இயல்பாகவே எழுகிறது.

தொழிலாளியின் சொந்த ஊர் எது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. வேலை நடைபெறும் மாநிலத்தின் ஊதியமே பொருந்தும். இந்த வேறுபாடு சிறியதன்று. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26 நிதியாண்டுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி தமிழ்நாட்டில் ரூ.336, கர்நாடகத்தில் ரூ.370. சுரங்கங்கள் உள்ளிட்ட சில துறைகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது.

புதிய சட்டம்

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உள்ளிட்ட நான்கு சட்டங்களை ஒன்றிணைத்து 2019-இல் ஊதியச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய சட்டம் அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. புதிய சட்டம் அனைத்துத் தொழில்களுக்கும் பொருந்தும். மத்திய அரசு அறிவிக்கும் அடித்தள ஊதியத்திற்குக் கீழே மாநிலங்கள் ஊதியம் நிர்ணயிக்க இயலாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் ஊதியத்தை மறுஆய்வு செய்ய வேண்டும்.

வேலையளிப்பவரின் கடமைகள்

நாள் கூலியை அன்றைய வேலை முடிந்ததும், வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளில், மாத ஊதியத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் நிலுவை தரப்பட வேண்டும். கூடுதல் நேர வேலைக்கு வழக்கமான ஊதியத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு வழங்க வேண்டும். பிடித்தங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஒரே வகையான வேலைக்கு ஆண், பெண் என்ற ஊதிய வேறுபாடு கூடாது. ஊதியச் சீட்டு வழங்குவதும் கட்டாயம். விவசாய, வீட்டு வேலைகளுக்கு ஐந்து பேர் வரை அமர்த்துவோருக்குப் பதிவேடு, ஊதியச் சீட்டு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கான சான்றை அவர்கள் காட்ட வேண்டும்.

குறைவாகக் கொடுத்தால்

தொழிலாளியோ, தொழிற்சங்கமோ, ஆய்வாளரோ உரிய அதிகாரியிடம் மனு அளிக்கலாம். முன்பு ஆறு மாதங்களாக இருந்த காலவரம்பு தற்போது மூன்று ஆண்டுகள். நிலுவைத் தொகையுடன் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் வழங்க உத்தரவிட முடியும். கூலி கொடுக்கப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு வேலையளிப்பவரையே சாரும். எழுத்தறிவற்ற தொழிலாளிக்கு இதுவே பெரிய பாதுகாப்பு. குறைவான ஊதியம் வழங்கியது உறுதியானால் ரூ.50,000 வரை அபராதம் விதிக்கப்படலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சம்மதம் பொருட்டல்ல

'குறைந்த கூலிக்கு அவரே ஒப்புக்கொண்டார்' என்ற வாதம் செல்லாது. தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணியாளர்கள் தொடர்பான வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. குறைந்தபட்ச ஊதியத்திற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்துள்ள கட்டாய உழைப்பே என்று அது தீர்ப்பளித்தது. வறுமையின் அழுத்தத்தால் தரப்படும் சம்மதம் உண்மையான சம்மதமாகாது என்பதே இதன் அடிப்படை.

முன்பணம் கொடுத்து, அக்கடனைக் காட்டித் தொழிலாளியை வெளியேற விடாமல் வேலை வாங்குவது கொத்தடிமை முறையாகும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அத்தகைய கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் அற்றுப்போகும். இது குறித்து மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம்.