வளைவு கற்பிக்கும் பாடம்

நீங்கள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலத்திற்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே மஞ்சவாடிக் கணவாய் வழியாக அந்தச் சாலை செல்கிறது. அடுத்த முறை செல்லும்போது ஓட்டுநரைச் சற்றுக் கவனியுங்கள். வளைவு வருவதற்கு முன்பே அவர் பிரேக்கை மிதித்து வேகத்தைத் தணித்துவிடுவார். பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். சாலை நேராகத் தொடங்கிய பின்னரே வண்டி மீண்டும் விரையும்.

உலகப் புகழ்பெற்ற பந்தய வீரர்களும் இதையேதான் செய்கிறார்கள். கணிப்பொறித் திரையில் கார்ப் பந்தயம் ஆடும் மாணவனும் இதைக் கற்றால்தான் ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் முடிக்க முடியும். வேகமாகச் செல்ல வேண்டுமானால், முதலில் வேகத்தைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டும்! விந்தையான இந்த உண்மையை மனிதன் எவ்வாறு கற்றான் என்று பார்ப்போம்.

உராய்வு என்னும் முதல்

ஓடும் பொருள் நேர்க்கோட்டில் ஓடவே முயலும் என்பது நியூட்டனின் முதல் விதி. அதை வளைக்க ஒரு விசை வேண்டும். காருக்கு அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வே. உராய்வுக்கோ ஓர் எல்லை உண்டு.

50 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் கெழு 0.8 எனில், வண்டி வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். ஆரம் 100 மீட்டரானால் அது 101 கிலோமீட்டராக உயரும். ஆரம் இரு மடங்கானால் வேகம் 1.41 மடங்காகிறது. ஆகவே பந்தய வீரர் வளைவின் ஆரத்தைப் பெரிதாக்க முயல்கிறார். தடத்தின் வெளி ஓரத்திலிருந்து திரும்பத் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மீண்டும் வெளி ஓரத்திற்கு வருகிறார். தடம் மாறவில்லை, அவர் செல்லும் கோடுதான் மாறியது.

இத்தாலியப் பொறியாளரும் பந்தய வீரருமான பியரோ தருஃப்பி 1957இல் புகழ்பெற்ற மில்லே மிலியா பந்தயத்தில் வென்று, பின்னர் ஓய்வு பெற்றார். பந்தயக் கலையைக் கணக்கும் படமுமாக விளக்கி நூல் எழுதினார். வீரர்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததை இவ்வாறு எவரும் கற்கக்கூடிய பாடமாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

சோழவரம் முதல் கோவை வரை

நம் மாநிலத்திலும் இக்கலைக்கு வரலாறு உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமே பந்தயத் தடமாயிற்று. ஓடுதளம் நேரானது, எனவே நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கூர்மையான திருப்பம் காத்திருக்கும். எங்கே பிரேக்கை மிதிப்பது என்பதே அங்கு வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. 1990இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே அமைத்த தடம் திறக்கப்பட்டது.

கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி காரின் எந்திரத்தைக் கொண்டு சிறிய பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய சிறிய காரில் தொடங்கிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில், அதிவேகமான ஒரு வளைவின் விசையைத் தங்கள் டயர்கள் தாங்கா என்று அஞ்சி 14 கார்கள் விலகின. 6 கார்களே ஓடிய அப்பந்தயத்தில் கார்த்திகேயன் 4ஆம் இடம் பெற்றார். ஒரே ஒரு வளைவு ஒரு பந்தயத்தையே மாற்றிவிட்டது, பார்த்தீர்களா!

திரையில் ஒரு பள்ளிக்கூடம்

ஆனால் பந்தயக் காருக்கும் டயருக்கும் எவ்வளவு செலவாகும்! எளிய குடும்பத்துப் பிள்ளை எங்கே பயில்வது? இதற்கு வழிகாட்டியது விமானத் துறை. 1929இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், இசைக்கருவித் தொழிற்சாலையின் துருத்திகளைக் கொண்டு, தரையில் நின்றபடியே சாயவும் திரும்பவும் கூடிய பயிற்சி விமானம் ஒன்றை அமைத்தார். இரண்டாம் உலகப்போரில் விமானிகள் பலர் அத்தகைய பொறியில் பயின்றனர்.

பிறகு கணிப்பொறி வந்தது. 1982இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ என்ற ஆட்டத்தில் ஃபியூஜி பந்தயத் தடம் திரையில் ஓடியது. 1998இல் வந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ 1967ஆம் ஆண்டுக் கார்களின் இயக்கத்தை இயற்பியல் விதிகளின்படி கணக்கிட்டுக் காட்டியது. இன்றைய ஆட்டங்கள் சில, டயரின் நிலையை வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கணக்கிடுகின்றன. 2008இல் இத்தகைய ஆட்டத்தின் வழியே தேர்வான ஸ்பெயின் இளைஞர் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011இல் பிரான்சின் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் தம் பிரிவில் இரண்டாம் இடம் பெற்ற குழுவில் ஒருவராக இருந்தார்.

திரையில் விரைவான சுற்று ஓட்டுவது எப்படி? டயரின் உராய்வை 10 பங்கு என்று கொள்ளுங்கள். பிரேக்குக்கே 10 பங்கையும் செலவிட்டால் வளைவதற்கு ஒன்றும் இராது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும். பிரேக்குக்கு 8 பங்கு கொடுத்தால் வளைவதற்கு எவ்வளவு மிஞ்சும்? 2 என்கிறீர்களா? இல்லை, 6! இரு விசைகளும் செங்குத்தாக இருப்பதால் பிதாகரஸ் தேற்றம் இங்கே பொருந்தும்: 8இன் வர்க்கமும் 6இன் வர்க்கமும் சேர்ந்து 10இன் வர்க்கம். எனவேதான் தேர்ந்தவர்கள் வளைவில் நுழையும்போது பிரேக்கைச் சட்டென விடாமல், ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறார்கள்.

இன்னொன்று: வளைவில் வேகமாக நுழைந்து பெறும் ஆதாயம் சில மீட்டர்களோடு முடிந்துவிடும். வேகமாக வெளியேறுவதன் ஆதாயமோ அடுத்த நேர்ப்பாதை முழுவதும் தொடரும். ஆகவே நீண்ட நேர்ப்பாதைக்கு முந்தைய வளைவையே முதலில் நன்கு பயிலுங்கள். தட ஓரத்துப் பலகை ஒன்றை அடையாளமாகக் கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை மட்டும் மாற்றி, நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையும் இதுவே அன்றோ?

திரை கற்பிக்காதது

ஆனால் திரையில் கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். மஞ்சவாடிக் கணவாயில் அந்தப் பொத்தான் இல்லை. அங்கே எதிரே லாரி வரும். வளைவுக்கு அப்பால் ஆட்டு மந்தை நிற்கும். மழை பெய்தால் உராய்வே குறைந்துவிடும். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்திற்குப் பாயும் பந்தயக் கோட்டுக்குச் சாலையில் இடமில்லை. நம் பக்கத்தில் நாம் செல்வதே அங்கு விதி.

எனினும் பந்தயத்திற்கும் சாலைக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. சூத்திரம் எதுவும் எழுதாமலே அதை நாள்தோறும் செய்து காட்டுகிறார் நம் பேருந்து ஓட்டுநர். அடுத்த பயணத்தில் அவரைக் கவனிக்க மறவாதீர்கள்.