பூங்காவும் பாட்டும்: ஒரு பழைய வழக்கு

கோவை காந்திபுரத்தில், மத்தியச் சிறைக்குரிய நிலத்தில், 45 ஏக்கரில் அமைந்த செம்மொழிப் பூங்கா 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. 2010 ஜூனில் இதே ஊரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது அளிக்கப்பட்ட வாக்கு அது. நிறைவேறப் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. வ.உ.சி. செக்கிழுத்த சிறையின் மண்ணில் இன்று மக்கள் நடை பழகுகிறார்கள். இத்தகைய இடம் ஒன்று ஊருக்குக் கிடைத்தவுடன், இன்றில்லாவிட்டால் நாளை, ஒரு கேள்வி எழுந்தே தீரும்: இங்கே பாடலாமா, கூடாதா? பாடலாம் என்றால் யார் பாடுவது?

கேள்வி புதியதன்று. மணிமேகலையைப் படித்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். புகார் நகரில் இந்திர விழா முரசறைந்து அறிவிக்கப்படுகிறது. விழா முடியும் வரை பகையும் பூசலும் வேண்டா என்பதும் அந்த அறிவிப்பிலேயே சேர்ந்திருக்கிறது. விழாவென்றால் பூசலும் வரும் என்பதை அறிந்த அரசாக இருந்திருக்க வேண்டும்! ஊரே விழாவில் திளைக்கும்போது, ஆட வர மறுத்த ஒரு பெண் மலர் கொய்யச் சோலைக்குப் புறப்படுகிறாள். உடன்செல்லும் சுதமதி எந்தச் சோலைக்குப் போகலாம், எதற்குப் போகலாகாது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறாள். இலவந்திகை அரசனுக்கு உரியவர்கள் இருக்கும் இடம். உய்யானம் தெய்வங்களுக்கு உரியது. சம்பாதி வனமும் கவேர வனமும் காவலுடையவை. எஞ்சுவது உவவனம் ஒன்றே. சோலை என்பது எல்லோர்க்கும் பொது என்னும் எண்ணமே அங்கு இல்லை; ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. விழாவைத் தவிர்த்துத் தனிமை தேடியவளுக்கு அந்த உவவனத்திலும் நிம்மதி கிட்டவில்லை. பின்தொடர்ந்து வந்த உதயகுமரனுக்கு அஞ்சிப் பளிக்கறைக்குள் ஒளிந்துகொள்ள நேர்கிறது.

கொங்கு நாட்டின் ஊர்ப்புறத்துக்கு வருவோம். இங்கே இசைக்கென்று இருந்த பொதுவிடம் கோயிற் களம். மாரியம்மன் நோன்பில் பறையும் துடும்பும் உருமியும் அங்கேதான் முழங்கின. ஒயிலாட்டமும் கும்மியும் அங்கேதான் நடந்தன. இரைச்சல் என்று எவரும் மனுக் கொடுத்ததில்லை. இதைச் சொல்லிப் பழம்பெருமை பேசுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எவர் அடிப்பது, எவர் ஆடுவது, எவர் எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதெல்லாம் சாதியால் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. வழக்கு இல்லாமற்போனதற்கு அதுவே காரணம். பறையடித்தவர் அந்தக் களத்தில் உரிமையாளராக இருந்ததில்லை, ஊழியராகவே இருந்தார்.

களத்தை விட்டு இசை தெருவுக்கு வந்தபோது நேர்ந்ததற்குச் சேலம் சான்று. பள்ளிவாசலைக் கடந்து மேளத்துடன் ஊர்வலம் போவது பற்றிய பூசல் 1882இல் அங்கே பெருங்கலவரமாக வெடித்தது. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலையானவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார், அவர் பெயர் நாடறிந்ததற்கு அந்த வழக்கே வாயிலாயிற்று. அதையொட்டி 1883இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னதன் சாரம் இது: பொதுத் தெருவில் இசையுடன் ஊர்வலம் போகும் உரிமை எல்லாப் பிரிவினருக்கும் உண்டு, பிறர் தெருவைப் பயன்படுத்துவதற்குத் தடையாகவும் கூடாது, அமைதி காக்க அதிகாரிகள் இடும் ஆணைக்கு மாறாகவும் கூடாது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

நகராட்சிப் பூங்கா இதற்கெல்லாம் பின்னால் வந்த சரக்கு, ஆங்கிலேயர் கொணர்ந்தது. பூங்காவில் பாட்டுப் பற்றிய சண்டையும் அவர்கள் ஊரில் ஏற்கெனவே நடந்திருந்தது. இலண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இராணுவ வாத்தியக் குழு வாசிக்க 1855இல் ஏற்பாடாயிற்று. வாரத்தில் அந்த ஒரு நாளே ஓய்வுடைய தொழிலாளர்கள் திரள்திரளாக வந்தனர். ஓய்வுநாளின் புனிதம் கெடுகிறது என்று சமயவாதிகள் எதிர்த்தனர். காண்டர்பரிப் பேராயரே தலையிட, 1856இல் பிரதமர் பாமர்ஸ்டன் அதை நிறுத்தினார். மக்கள் சும்மா இருக்கவில்லை. காசு சேர்த்துத் தாங்களே வாத்தியக் குழுவை அமர்த்தி வேறு பூங்காவில் கேட்டார்கள்.

தமிழகத்தில் இந்த வழக்கு உருப்பெற்றது சென்னை சங்கமத்தில். 2007 பிப்ரவரியில் தமிழ் மையம் என்னும் அமைப்பு அரசின் சுற்றுலாத் துறையோடு இணைந்து அதைத் தொடங்கியது. கனிமொழியும் ஜெகத் கஸ்பரும் முன்னின்றார்கள். அரங்கத்துக்கு மக்களை அழைக்காமல், பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கலையைக் கொண்டுபோனார்கள். காலை நடைக்கு வந்தவர் கர்நாடக இசைக்கலைஞர் தமிழ்ப் பாடல் பாடக் கேட்டார். மாலையில் அதே நகரம் பறையையும் கரகத்தையும் தெருக்கூத்தையும் பார்த்தது. நுழைவுச்சீட்டு இல்லை. சபாக்களின் வாயிலைக் கடந்தறியாத பலர் முதன்முறையாக அருகில் அமர்ந்து கேட்டனர். இதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. ஆளுங்கட்சித் தலைவர் குடும்பத்தின் விழா என்றார்கள். அரசுப் பணம் என்றார்கள். நாட்டார் கலைஞரை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து நகரத்தார் முன் காட்சிப்பொருளாக நிறுத்துவதாகச் சொன்னவர்களும் உண்டு. இறுதிக் குற்றச்சாட்டில் உண்மை இருப்பதாகவே நாம் கருதுகிறோம். ஆனால் அதைச் சொன்னவர்களில் பலர், ஊர்க்களத்தில் அக்கலைஞர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதைச் சொல்வதில்லை. பூங்காவில் அடிக்கப்படும் பறைக்கு முன்னால் சாவு வீடு இல்லை, கைதட்டல் இருக்கிறது. அது சிறிய வேறுபாடன்று.

விழாவைக் கடைசியில் நிறுத்தியது இந்த விமர்சனங்களில் எதுவும் அன்று. 2011இல் ஆட்சி மாறியது, சங்கமம் நின்றது. 2021இல் மீண்டும் ஆட்சி மாறியபின் 2023 பொங்கலுக்கு ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று திரும்பியது. பின்னர் வேறு நகரங்களுக்கும் விரிக்கப்படும் என்று அறிவித்தார்கள், கோவையும் அவற்றில் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பூங்காக்கள் அங்கேயேதான் இருந்தன, கலைஞர்களும் இருந்தார்கள். இலண்டன் தொழிலாளர்களைப் போல நாமே காசு சேர்த்து அவர்களை அழைக்கவில்லை. அரசு விழாவின் குறையை எழுதத் தெரிந்த நமக்கு அது தோன்றாமற் போனது ஏன்?

தில்லியில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 2018 நவம்பரில் இந்திய விமான நிலைய ஆணையமும் ஸ்பிக் மெக்கேயும் நேரு பூங்காவில் இசை, நடன விழா நடத்தவிருந்தன. டி.எம். கிருஷ்ணா பாடுவதை எதிர்த்துச் சமூக ஊடகங்களில் கூச்சல் எழுந்தது. ஆணையம் விழாவைத் தள்ளிவைத்தது. அதே 17ஆம் தேதி, தில்லி அரசின் அழைப்பில், ஐம்புலன் பூங்காவில் அவர் பாடினார். பூங்காவிலும் குறையில்லை, ஒலியிலும் குறையில்லை. பாடுபவரே சிக்கலாக இருந்தார்.

ஆனால் எதிர்ப்பவர் எல்லோரையும் இப்படி ஒரே கூடையில் அள்ளிப் போடுவது அநீதி. இலண்டனின் பிராக்வெல் பூங்காவில் நடக்கும் கட்டண இசைவிழாக்களை எதிர்த்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உயரமான வேலிகள், மிதிபட்ட புல்வெளி, வாரக்கணக்கில் அடைபட்ட நிலம் ஆகியவையே அவர்கள் குறை. தனித் திட்ட அனுமதியின்றி ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாட்கள் வரை தற்காலிகமாகப் பயன்படுத்தலாம் என்பது அங்குள்ள விதி. அந்த வரம்பு மீறப்பட்டதே வழக்கின் மையம். இந்திர விழாவுக்குச் சாத்தனார் சொல்லும் கணக்கும் நாலேழ் நாள், அதாவது 28 நாட்கள்! தற்செயல்தான்; எனினும் ஓர் ஊர் விழாவைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை அவ்வளவுதான் போலும். தீர்ப்புக்குப் பின்னும் மறு விண்ணப்பம் செய்து அவ்வாண்டு விழாக்கள் நடந்தேறின என்பது வேறு கதை.

நம் சட்டம் இதைவிடக் கஞ்சத்தனமானது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த ஆண்டுக்கு 15 நாட்களே மாநில அரசுக்கு உரிமை. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. முதியவரும் நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் உள்ள தெருவில் இவ்விதி தேவையானதே. நமக்கு இதில் ஐயமில்லை. அளவையும் நேரத்தையும் கண்டிப்பாகக் கேளுங்கள். எந்த இசை, எவருடைய இசை என்று மட்டும் கேட்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். சென்னை நாகேசுவரராவ் பூங்காவில் இளம் பாடகர்கள் ஒலிபெருக்கியே இல்லாமல் கச்சேரி செய்திருக்கிறார்கள். கேட்க வேண்டியவர் அருகில் வந்து கேட்டார். வேண்டாதவர் தம் நடையைத் தொடர்ந்தார்.

கொங்குக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. நம் மண்ணின் பெருங்கலையான உடுக்கையடிக் கதைப்பாட்டு இரவுக்குரியது. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை ஒலிப்பதிவு செய்தபோது அது பல இரவுகள் நீண்டது. அதற்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. ஓர் உடுக்கையும் குரலும் போதும். ஆனால் 2010இல் செய்யப்பட்ட திருத்தம் இரவில் திறந்தவெளியில் இசைக்கருவியையே விலக்கிவிட்டது. காலையில் கர்நாடக இசை பாடலாம், மாலையில் துடும்பு அடிக்கலாம். செம்மொழிப் பூங்காவில் பொன்னர் சங்கர் கதை நடந்தால், பத்து மணிக்குக் காவலர் வந்து உடுக்கையைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். படுகளம் பாடத் தொடங்கும் நேரமே அதுவாகவும் இருக்கலாம்.