பொன்னகரில் ஒரு பகல்

மெல்போர்னிலிருந்து ஒருநாள் பயணமாகப் பல்லாரட் சென்றோம். 1851-இல் பொன் கிடைத்ததும் பல நாட்டாரும் ஓடிவந்த ஆஸ்திரேலிய ஊர் அது!

பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தோண்டுவோனுக்குத் தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங் வரி, வாக்குரிமையோ இல்லை. வெகுண்டெழுந்தனர் தொழிலாளர், யுரேக்காவில் அரண் அமைத்தனர். 1854 டிசம்பர் 3, வைகறையில் பாய்ந்தது படை; இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று பறந்த நீலக்கொடியைக் கந்தலாகக் கண்டோம், நெஞ்சு நிமிர்ந்தோம். வீழ்ந்தது அரண், வீழவில்லை உரிமைக்குரல்! 1855-இல் ஒழிந்தது மாதவரி.

அதே 1855-இல், கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி! 1857-இல் பக்லாந்து ஆற்றோரம் சீனரை அடித்து விரட்டியோர் யார்? பொன் தேடிய வெள்ளையரே!

தோழர்களே, தமக்கு மட்டும் கேட்பது சலுகை. பிறர்க்கும் சேர்த்துக் கேட்பதே உரிமை!