கூலிக்கு வந்தவர்களும் கூலியாக வந்தவர்களும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்களை வகுப்பறையில் பட்டியலிடும்போது கட்டுமரம், மிளகுத்தண்ணீர், சுருட்டு என்று பெருமையோடு தொடங்குகிறோம். அப்பட்டியலில் ‘கூலி’ என்ற சொல்லும் உண்டு. ஆனால் அதன்மேல் நாம் நெடுநேரம் நிற்பதில்லை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போயும் ஒருவகை மரக்கலமாகவே இருந்தது. மிளகுத்தண்ணீர் உண்பொருளாகவே இருந்தது. கூலி மட்டும், கொடுக்கப்படும் பொருள் என்ற நிலையிலிருந்து நீங்கி, அதைப் பெறும் மனிதனாக மாறிவிட்டது. இம்மாற்றம் சொல்லிலா நிகழ்ந்தது, வாக்கியத்திலா நிகழ்ந்தது என்று பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். பேரா மாநிலத்தின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் இதற்கு நல்ல களம்.

தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல் முயற்சியின் பயனைக் குறிக்க ஆளப்பட்டிருக்கிறது. அங்கே இழிவின் சாயல் சிறிதும் இல்லை. தானியத்தைக் குறிக்கும் ‘கூலம்’ என்ற சொல்லோடு இதனை இணைத்து, விளைந்ததில் ஒரு பங்கை உழைத்தவனுக்கு அளந்த காலத்தை நினைவூட்டுவார் தேவநேயப் பாவாணர். அவ்விளக்கத்தை ஏற்பவர் ஏற்கலாம். வழக்கு அதைவிட உறுதியான சான்று. இன்றும் ஈப்போவில் நகை வாங்கச் செல்பவர் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்கிறார். கேட்கும் அவரும் நாணுவதில்லை, சொல்லும் கடைக்காரரும் நாணுவதில்லை. தையற்கூலி, அரவைக்கூலி, வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என எத்தனையோ தொடர்கள் உள்ளன. இவை எல்லாவற்றிலும் கூலி கொடுக்கப்படுகிறது, பெறப்படுகிறது, உயர்கிறது, குறைகிறது, சில வேளைகளில் பிடித்துக்கொள்ளவும் படுகிறது. எவ்விடத்தும் கூலி நடப்பதில்லை, பசிப்பதில்லை, நோயுறுவதில்லை. ஆளைக் குறிக்க வேண்டுமானால் தமிழர் கூலியாள் என்றோ கூலிக்காரர் என்றோ இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அச்சிறு சேர்க்கை மனிதனுக்கும் அவன் பெறும் பணத்துக்கும் இடையே ஒரு வேலியாக நின்றது.

ஆங்கிலத்தில் அந்த வேலி இல்லை. அம்மொழியில் கூலி என்பது எண்ணக்கூடிய பெயர்ச்சொல்: ஒரு கூலி, நூறு கூலிகள், ஒரு கப்பல் நிறையக் கூலிகள். ஆள் திரட்டப்படுகிறான், அனுப்பப்படுகிறான், கணக்கெடுக்கப்படுகிறான். பெரும்பாலான வாக்கியங்களில் அவன் எழுவாயாக வருவதில்லை, செயப்படுபொருளாகவே வருகிறான். இச்சொல்லின் பிறப்பு பற்றி இரு கருத்துகள் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யூல், பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரையும் தமிழ்க் கூலியையும் அடுத்தடுத்து வைத்து ஆராய்கிறது. எல்லாம் தமிழிலிருந்தே சென்றது என்று முழங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை. இரண்டு ஓடைகளும் கலந்திருக்கக் கூடும். ஆனால் மலாயாத் தோட்டங்களில் அச்சொல்லைச் சுமந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். சம்பளப் பணத்துக்கு அவர்கள் வீட்டில் வழங்கிய சொல்லே, துரையின் வாயில் அவர்களுக்குப் பெயராகத் திரும்பி வந்தது.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரையும் இச்சொல் விடவில்லை. சீன மொழியில் இதனை எழுத வழங்கும் இரண்டு எழுத்துகள் ஒலியைத் தருவதோடு நிற்காமல், ‘கசப்பு’, ‘வலிமை’ என்ற பொருளையும் தருகின்றன. ஒலிபெயர்ப்பே உரையாகிவிட்ட அரிய இடம் அது. மலாய் மொழியிலும் இச்சொல் ஆளையே குறிக்கிறது. ஆக, ஈப்போவைச் சுற்றி ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மூன்று மொழிகளும் கூலி என்றால் மனிதன் என்றன. தமிழ் மட்டுமே அது மனிதனுக்குச் சேர வேண்டியது என்றது.

பேராவில் தமிழ் உழைப்பு ரப்பருக்கு முன்பே தொடங்கியது. வடக்கே கிரியான் வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஒப்பந்தத்தால் கட்டுண்ட தமிழர்கள் வேலை செய்தார்கள். 1877இல் பேராவின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலக்கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவற்றின் வழிவந்த மரம் ஒன்றை அந்நகரில் இன்றும் காட்டுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயர்ந்தபோது சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் என்று தோட்டங்கள் விரிந்தன. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிமார் அதற்குப் பணம் செலுத்தினர். கப்பற்செலவு அதிலிருந்து ஏற்கப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்த முறை நிறுத்தப்பட, கங்காணி முறை மேலோங்கியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்கள் வழியாக மக்கள் கப்பலேறினார்கள்.

கங்காணி என்பதும் ஆங்கிலம் ஏற்றுக்கொண்ட தமிழ்ச்சொல்தான். கண்காணிப்பவன் கண்காணி, ஆங்கிலத்திலும் அவன் அப்படியே ஆளாகத்தான் இருந்தான். அவன் திரட்டி வந்தவர்கள் வேலைக்கு நின்ற கணக்குப்படி அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. மேற்பார்த்தவன் செயலால் பெயர் பெற்றான், உழைத்தவன் விலையால் பெயர் பெற்றான் என்று இதனைச் சொல்லலாம். சட்ட நூல்களில் குடியேறியவர், தொழிலாளி என்ற சொற்களும் இல்லாமல் இல்லை. ஆனால் தோட்டக் கடிதங்களிலும் நாளேடுகளிலும் பேச்சிலும் நிலைத்தது கூலி என்ற சொல்லே. குடியிருப்பு வரிசையைக் குறித்த ஆங்கிலத் தொடரின் முதற்பாதி கூலி, மறுபாதி லைன். மறுபாதியைத் தமிழர் ‘லயம்’ என்று ஆக்கிக்கொண்டார்கள். முதற்பாதியை வீட்டின் பெயரில் சேர்க்கவில்லை. இது திட்டமிட்ட மறுப்பு என்று நான் சொல்ல வரவில்லை. குடியிருந்தவர்களின் நாவுக்கு அது தேவைப்படவில்லை.

கடல்கடந்த தமிழரைச் சொல்லால் சிறுமைப்படுத்தும் இவ்வழக்கம் மலாயாவோடு நின்றதன்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்தார்கள். அவருடைய தன்வரலாற்றில் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் ‘சாமி’ என்பதையே வெள்ளையர் இந்தியர் அனைவருக்கும் இழிபெயராக்கியிருந்தார்கள். சுறுசுறுப்பான சில இந்தியர்கள், சாமி என்றால் தலைவன் என்று பொருள், நான் உமக்குத் தலைவன் அல்லவே என்று திருப்பிச் சொன்னார்களாம். சொல்லின் சரியான பொருளை எடுத்துரைப்பதே அங்கே மறுமொழியாயிற்று.

மலாயாவில் அத்தகைய மறுமொழி ஊதியக் கணக்கின் வடிவில் வந்தது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்தார். ஆங்கிலப் புலமைக்கும் நாவன்மைக்கும் உலகப் புகழ் பெற்றவர். தமிழ்நாட்டின் வலங்கைமானில் பிறந்தவர். மறு ஆண்டு வெளியான அவரது அறிக்கை, உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது வெட்டப்பட்ட ஊதியத்தைப் பழைய அளவுக்கு, அதாவது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என, மீட்டுத்தர வேண்டும் என்றது. 1938இல் ஊதியத்தை மீண்டும் குறைக்கத் தோட்டத்துறை முற்பட்டபோது, உதவிபெற்று வரும் குடியேற்றத்தையே இந்திய அரசு தடைசெய்தது. கூலி என்ற சொல் அதன் தமிழ்ப் பொருளில் அரசுகளுக்கிடையே வழக்காடியது அப்போதுதான் எனலாம்.

1941இல், பேராவுக்குத் தெற்கே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இன்னும் தெளிவான சான்று. ஊதிய உயர்வும் சீனத் தொழிலாளருக்கு நிகரான சம்பளமும் கேட்ட அதே பட்டியலில், துரைமார் எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் இருந்தது. வரலாற்று நூல்கள் இதனைப் பொருளாதாரக் கோரிக்கை, தன்மானக் கோரிக்கை என இரண்டாகப் பிரிக்கின்றன. மொழி நோக்கில் இரண்டும் ஒன்றே: கூலியை உயர்த்துங்கள், எங்களைக் கூலி என்று நடத்தாதீர்கள். படை வரவழைக்கப்பட்டது, தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார்.

போருக்குப் பின் சொற்கள் மாறின. 1954இல் சங்கங்கள் பல இணைந்து உருவான அமைப்பு, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் என்று பெயர் பெற்றது. 1960இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அச்சங்கத்தின் ஏடுகளில் அவர்கள் உறுப்பினர்கள்.

இங்கே நம் பக்கம் திரும்ப வேண்டும். ஆங்கிலச் சொல் தன் புதுப்பொருளோடு தமிழுக்கே திரும்பி வந்துவிட்டது. ‘ஜாஞ்சி’ என்ற மலாய்ச் சொல்லுக்கு வாக்குறுதி, ஒப்பந்தம் என்று பொருள். அதிலிருந்து மலேசியத் தமிழில் ‘சஞ்சிக்கூலி’ பிறந்தது. நம் கட்டுரைகளில் ‘சஞ்சிக்கூலிகளாக வந்தனர்’ என்ற வாக்கியத்தைக் காணாத ஆண்டு இல்லை. ‘சஞ்சிக்கூலிகள்’ என்ற பன்மையைக் கவனியுங்கள். தமிழ்க் கூலிக்குப் பன்மை தேவைப்பட்டதே இல்லை. இது ஆங்கிலத்தின் பன்மை. பழைய ஆங்கில ஆவணம் ஒன்றை மாணவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கூலிகளுக்குக் கூலி கொடுக்கப்பட்டது’ என்று முடியும். அவ்வாக்கியத்தின் கோணலே நல்ல பாடம். முதற்கூலி ஆங்கிலம், இரண்டாங்கூலி தமிழ். முன்னதைத் தொழிலாளர் என்றும் பின்னதைக் கூலி என்றும் எழுதினால் கோணல் நீங்கும். ஆவணத்தின் இழிநோக்கையும் காட்ட வேண்டுமாயின் மேற்கோள் குறிக்குள் அச்சொல்லை அப்படியே நிறுத்தலாம். அது ஆவணம் எழுதியவரின் குரல், நம் குரல் அன்று.

ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே முறை பொருந்தும். என் பாட்டனார் ஒரு கூலி என்று எழுதுவது ஒன்று. அவரைக் கூலி என்று பதிவு செய்தார்கள் என்று எழுதுவது மற்றொன்று. இலக்கணப் பிழை இரண்டிலும் இல்லை. முன்னது துரையின் கூற்றை நம் கூற்றாக்குகிறது. பின்னது யார் சொன்னார், எங்கே சொன்னார் என்பதை வெளியே வைக்கிறது. இச்சொல்லை அடியோடு விலக்க வேண்டும் என்பாரும் உளர். இந்தியாவில் ரயில் நிலையச் சுமைதூக்குவோரை ‘சகாயக்’ என்று அழைக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மாறாக, மொரிசியஸ் நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லி அச்சொல்லையே அடியாகக் கொண்டு, புலம்பெயர் உழைப்பாளர் வழிவந்தோரின் அடையாளத்துக்குப் பெயர் ஒன்றை ஆக்கினார். எனக்கு இரண்டும் முழு நிறைவு தரவில்லை. பிற நாட்டார்க்குச் சொல்லை விடுவதும் எடுப்பதுமே வழி. நமக்கோ அதன் முதற்பொருள் வீட்டிலேயே இருக்கிறது.

அப்பொருளை மீட்க நான்காம் வேற்றுமை போதும். கூலிக்குப் போனான், கூலிக்கு அறுத்தான், கூலிக்கு மாரடித்தான் என்பன நம் வழக்கு. மூன்றிலும் ‘கு’ உருபு ஆளையும் பணத்தையும் பிரித்து வைக்கிறது. ‘சஞ்சிக்கூலியாக வந்தார்’ என்று எழுதும் மாணவரிடம் ‘ஆக’ என்பதை எடுத்துவிட்டு ‘சஞ்சிக்கூலிக்கு வந்தார்’ என எழுதச் சொல்லுங்கள். வரலாற்றுச் செய்தி ஒன்றும் குறையாது. ஒப்பந்தம் இருக்கிறது, ஊதியம் இருக்கிறது, கடல் கடந்த பயணம் இருக்கிறது. வந்தவர் மட்டும் இப்போது வாக்கியத்தின் எழுவாயாக, தம் பெயரோடு, தனியே நிற்கிறார்.