சம்பளப் பட்டியலும் ஒற்றை நாற்காலியும்

கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு 1990களில் ஒரு தலைவலி இருந்தது. வெவ்வேறு வகை ஊழியர்களுக்கு வெவ்வேறு பழைய புரோகிராம்கள் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 87,000 பேருக்கும் ஒரே மென்பொருளில் சம்பளம் போட வேண்டும் என்று சி3 என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஸ்மால்டாக் மொழியில் எழுதப்பட்ட அந்த மென்பொருள் 1996 வரை ஒருவருக்குக்கூடச் சரியாகச் சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்கவில்லை. அதன் வேகத்தைச் சரிசெய்து தரத்தான் மென்பொருள் ஆலோசகர் கென்ட் பெக் அழைக்கப்பட்டார். விடையே தப்பாக வரும்போது வேகத்தைப் பற்றி என்ன பேச்சு? எழுதியதைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றார் அவர். நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. ரான் ஜெஃப்ரிஸ் பயிற்சியாளராக வந்தார். மார்ட்டின் ஃபவுலரும் ஆலோசனைக்கு வந்துபோனார். அங்கே உருவான வேலைமுறைக்குத்தான் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பெயர். தேவைகளைச் சின்னக் கதைகளாக எழுதி, சில வாரத் தவணைகளில் முடித்து, டெஸ்ட் எழுதிக்கொண்டே கோடு எழுதும் பழக்கம் இன்று சென்னை ஓஎம்ஆரில் உள்ள அலுவலகங்களில் சாதாரணம். அந்தப் பழக்கத்தில் பெரும்பங்கு இந்தச் சம்பளப் பட்டியல் திட்டத்திலிருந்து கிளம்பியது. ஆனால் அந்தத் திட்டமே பாதியில் கைவிடப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த முறையும் அதை ஏற்றுக்கொண்ட துறையின் அதிகாரம் செல்லும் தூரம் வரைதான் செல்லும். சி3-இன் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்குக்கு முன்பிருந்த வழக்கத்தில் தேவைகளை முழுக்க எழுதிக் கையெழுத்து வாங்கி, வடிவமைத்து, கோடு எழுதி, கடைசியில் சோதிப்பார்கள். திருத்தம் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு செலவு கூடும் என்பது அந்த வழக்கத்தின் அஸ்திவாரம். பெக் அந்த அஸ்திவாரத்திலேயே கைவைத்தார். வடிவமைப்பை எளிமையாக வைத்திருந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தானாக ஓடும் டெஸ்ட் இருந்தால், பிந்தி வரும் திருத்தத்துக்கும் செலவு அப்படியொன்றும் ஏறாது என்பது அவர் கட்சி. அந்த நம்பிக்கையின் மேல்தான் மற்றதெல்லாம் நின்றது. பேரோல் விதிகள் தெரிந்த ஒருவர் வாடிக்கையாளர் என்ற இடத்தில் டீமோடு உட்கார்ந்து, தனக்கு வேண்டியதை இன்டெக்ஸ் கார்டில் எழுதுவார். குறுக்கீடு இல்லாமல் உட்கார்ந்தால் எத்தனை வாரமாகும் என்று புரோகிராமர்கள் மதிப்பிடுவார்கள். இடையூறுகளையும் கணக்கில் சேர்த்து, மூன்று வாரத் தவணைக்குள் அடங்குகிற கார்டுகளை அவரே பொறுக்கித் தருவார். கோடு எழுதும்போது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர். முடித்ததைப் பொதுக் கோடில் சேர்க்க ஒரு தனி மெஷின் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் அதில் உட்காரலாம். அத்தனை யூனிட் டெஸ்ட்டும் நூற்றுக்கு நூறு தேறினால்தான் எழுந்திருக்கலாம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் மென்பொருளை விவரித்த விதம். கார் கம்பெனிக்குப் பொருத்தமாக, சம்பளக் கணக்கையே ஓர் அசெம்பிளி லைனாக வைத்துக்கொண்டார்கள்: வேலை நேரம் உதிரிபாகம்போல உள்ளே வரும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு விதி அதன்மேல் வேலை செய்யும், கடைசியில் டாலராக வெளியே போகும். புரோகிராமரும் பேரோல்காரரும் ஒரே பேச்சைப் பேச அது உதவியது.

பலனும் கிடைத்தது. 1997 மே மாதத்தில் மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 10,000 பேருக்கு சி3 சம்பளம் போடத் தொடங்கியது. ஒன்றுமே நகராமல் கிடந்த திட்டம், மறுபடி தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேலே போனதும் நிஜப் பணத்தைக் கையாண்டது. அடுத்த பிரிவு ஊழியர்களைச் சேர்க்கும் வேலைதான் முடியவே இல்லை. 1999 அக்டோபரில் இந்த முறையை விளக்கி பெக் எழுதிய புத்தகம் வெளிவந்து முறையின் புகழ் பரவியது; 2000 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. எதிராளிகளுக்கு இதைவிடத் தோதான ஆதாரம் வேண்டுமா? 2003-இல் மாட் ஸ்டீபன்ஸும் டக் ரோசன்பர்க்கும் இந்த முறையை விமர்சித்து ஒரு புத்தகமே எழுதினார்கள். சி3-இன் முடிவு அவர்களுக்கு முக்கிய சாட்சி.

முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் பதில் கம்பெனி இணைப்பு. 1998-இல் டைம்லர்-பென்ஸும் கிரைஸ்லரும் ஒன்றாயின. மேலிடம் மாறினால் திட்டங்கள் சாவது புதிதல்ல. இந்தப் பதிலில் உண்மை உண்டு, ஆனால் தேதிகள் அதற்கு முழுக்க ஒத்துவரவில்லை. முதல் வெளியீட்டுக்கும் இணைப்பு அறிவிப்புக்கும் நடுவே ஓராண்டு இருந்தது. அறிவிப்புக்குப் பிறகும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலை நடந்தது. இவ்வளவு காலத்திலும் இரண்டாவது பிரிவு ஊழியர்களுக்கு சி3 சம்பளம் போடவில்லை. சில வாரத்துக்கு ஒருமுறை உருப்படியானதைக் கையில் கொடுப்பதையே உயிராகக் கொண்ட ஒரு முறைக்கு இது சின்னக் குறை அல்ல. அதற்காகப் புரோகிராமர்கள் சோம்பிவிட்டார்கள் என்றோ டெஸ்ட்டுகள் பொய்த்தன என்றோ சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பகுதி தொடர்ந்து சம்பளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

கோளாறு அந்தக் கார்டு எழுதும் நாற்காலியில் இருந்தது. ஒவ்வொரு வரிக் கோடுக்கும் நான்கு கண் வேண்டும் என்று விதித்த முறை, எந்த வரியை எழுதுவது என்ற முடிவை ஒரே ஆளின் தலையில் கட்டியது. முதல் வெளியீட்டுக்குச் சில மாதங்களுக்குப் பிறகு, அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேலைப்பளு தாங்காமல் விலகினார். அந்த இடத்தை அதே தரத்தில் நிரப்ப முடியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பணம். எது முக்கியம் என்று சொன்னவர்கள் ஒரு பக்கம், செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஒரே திசையில் இழுக்கவில்லை என்பதைத் திட்டத்தில் இருந்தவர்களே பின்னாளில் எழுதினார்கள். அறைக்குள் ஜோடி போடுவதை பெக் உத்தரவாகச் சொல்ல முடிந்தது. நிதித் துறையையும் பேரோல் அலுவலகத்தையும் ஜோடி சேர்க்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அப்படியானால் அந்த முறை உலகம் முழுக்க எப்படிப் பரவியது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயர்த்து எடுத்துச் செல்ல எளிதான பாதி எதுவோ, அதுதான் பரவியது. 1997-இல் பெக்கும் எரிக் காமாவும் விமானப் பயணம் ஒன்றில் உட்கார்ந்து ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியை எழுதினார்கள். ஜாவா தெரிந்த எவரும் மேலாளரின் அனுமதிகூட இல்லாமல் அதைப் பயன்படுத்த முடிந்தது. தவணை, கார்டு, ஜோடி வேலை எல்லாமே ஒரு துறைத் தலைவர் தன் சொந்த அதிகாரத்தில் கொண்டுவரக்கூடியவை. பட்ஜெட் ஒதுக்குவதை மாற்ற அவரால் முடியாது. ஆகவே மற்றப் பாதி பழையபடியே கிடந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, இத்தகைய முறைகளின் பொதுக் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதியபோது, பெக், ஜெஃப்ரிஸ், ஃபவுலர் மூவருமே அங்கிருந்தார்கள். சி3 திட்டம் முடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

பெக் அந்த ஒற்றை நாற்காலியின் குறையையும் பணச் சிக்கலையும் கவனிக்காதவர் அல்ல. 2004-இல் வந்த அவர் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், டீமுக்குள் ஒரு வாடிக்கையாளரை உட்காரவைப்பது என்ற பழைய விதி உருமாறியது. எல்லாத் தரப்பும் சேர்ந்ததுதான் டீம் என்றார். மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்கள் நேரடியாக ஈடுபட வேண்டும் என்றார். பழைய மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போவதையும், ஒப்பந்தத்தையும் கட்டணத்தையும் எப்படி அமைப்பது என்பதையும்கூட நடைமுறைகளின் பட்டியலில் சேர்த்தார். சி3-இல் விட்டுப்போனவை ஏறக்குறைய இவைதான். தன் துறைக்குப் புது முறையைக் கொண்டுவர நினைக்கும் மேலாளர், காலை நேரக் கூட்டத்துக்கும் கார்டு ஒட்டும் பலகைக்கும் ஏற்பாடு செய்வதற்கு முன்னால், 1999 பதிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு 2004 பதிப்பைப் படிக்கட்டும். படித்த கையோடு அதன் பிரதி ஒன்றை நிதித் துறைத் தலைவரின் மேஜையிலும் வைக்கட்டும்.