கத்தரிக்கப்பட்ட ஏரி

பத்திரிகை இருட்டறையில் படம் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பிழைத்தவன் நான். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரி பூதத்தைப் பற்றி யார் பேசினாலும், அதன் பிரபலமான படத்தைக் கத்தரித்த கையைத்தான் நான் நினைப்பேன்.

1933இல் ஏரியின் வடகரைச் சாலையைச் சீரமைத்தார்கள். அந்த ஆண்டு மே 2ஆம் தேதி, ஓட்டல் நடத்திய ஒரு தம்பதி தண்ணீரில் ஏதோ புரள்வதைக் கண்டதாக ‘இன்வெர்னஸ் கூரியர்’ எழுதியது. செய்தி லண்டனுக்குப் போய்ப் பெருத்தது. ‘டெய்லி மெயில்’ மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. அவர் கரையில் காலடித் தடம் கண்டுபிடித்தார். பதப்படுத்திய நீர்யானைக் காலால் பதித்தது அது என்று அருங்காட்சியகம் சொல்லிவிட, மனிதர் அவமானப்பட்டுப் போனார்.

1934 ஏப்ரல் 21 அன்று அதே ‘டெய்லி மெயில்’ பத்திரிகையில் நீண்ட கழுத்தும் சிறு தலையுமாக அந்தப் படம் வந்தது. எடுத்தவராகச் சொல்லப்பட்டவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்ற லண்டன் மருத்துவர். தன் பெயரை இதில் இழுக்க அவர் விரும்பவில்லை. அதனால் ‘சர்ஜன் எடுத்த படம்’ என்றே வழங்கலாயிற்று. டாக்டர் எதற்குப் பொய் சொல்லப்போகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

அச்சில் வந்ததில் கழுத்துதான் பிரதானம். கத்தரிக்காத படத்தைப் பாருங்கள்: ஏரி அகன்று கிடக்கிறது, மேலே எதிர்க்கரை தெரிகிறது, நடுவில் அந்தக் கழுத்து துக்கடாவாக நிற்கிறது. அதைச் சுற்றிச் சிற்றலைகள் வளையமிடுகின்றன. அந்த அலைகளை வைத்து அளந்தால் கழுத்தின் உயரம் சில அடிகளைத் தாண்டாது. ஓரத்தை வெட்டினால் அளவு தெரியாது. இது இருட்டறையில் முதல் வாரமே கற்கும் பாடம். தெரிந்தே வெட்டினார்களா, அழகுக்காக வெட்டினார்களா என்பதல்ல என் வழக்கு. வெட்டியதால்தான் பூதம் வளர்ந்தது.

காலடித் தடத்தில் அவமானப்பட்ட வெதரெலின் மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங், சாகுமுன் அந்தப் படத்தின் உண்மையைச் சொன்னார். 1994இல் அது வெளியானது. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை நீர்மூழ்கியின்மேல், மரம்போல் இறுகும் பசையால் தலையும் கழுத்தும் அவரே செய்து ஒட்டியிருந்தார். அறுபது வருஷம் உலகம் பார்த்தது அதைத்தான்.

நம்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஏரி சுமார் 230 மீட்டர் ஆழம். கரி மண் கரைந்து தேநீர் நிறத்தில் தண்ணீர். கொஞ்சம் கீழே போனாலே கண் தெரியாது. அப்படிப்பட்ட நீரின் முன்னால் நின்றால் யாருக்கும் மனசு குறுகுறுக்கும். 1987இல் படகுகளை வரிசையாக விட்டு ஒலியலையால் துழாவினார்கள். 2018இல் தண்ணீரை மொண்டு மரபணு பார்த்தார்கள்: ஊர்வன எதன் தடயமும் இல்லை, விலாங்கு மீனின் தடயம் ஏராளம்.

இன்றும் பல இடங்களில் அச்சாவது அந்த வெட்டிய படமே. அதைப் போடும் நம் பத்திரிகை நண்பர்களுக்கு என் கோரிக்கை: முழுப் படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.